ஹலால் முத்திரை மட்டும் போதுமா? குளூட்டன் ஆகாதவர்கள் சுஷி சாப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

 

சென்ற கோடை விடுமுறைக்கு முன்பு நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் டிரஸ்ட் அலுவலகத்திற்கு வந்தார். அவருடைய மகன் ஜப்பானில் வேலை பார்க்கிறார். குடும்பத்தோடு இரண்டு வாரம் அங்கே போய்வர ஏற்பாடாகியிருந்தது. மகளுக்கு 14 வயது. சீலியாக் நோய் உள்ள பிள்ளை. கோதுமை துளியும் ஆகாது. "அங்கே போனா சுஷி சாப்பிடணும்னு பிள்ளை ஆசைப்படுறா. கொடுக்கலாமா?" என்று கேட்டார். நாமும் அதிகம் யோசிக்காமல், "சுஷின்னா சோறும் மீனும்தானே. ஹலால் கடையாப் பார்த்துப் போங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டோம்.

நாம் சொன்னது தவறு. ஹலால் சான்று உள்ள கடையைத் தேடித்தான் போயிருக்கிறார்கள். அன்றிரவே பிள்ளைக்கு வாந்தியும் வயிற்று வலியும் வந்துவிட்டது. மூன்று நாள் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. ஊர் திரும்பியதும் பிள்ளையின் உம்மா அலுவலகத்திற்கு வந்தார். கோபமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. "காக்கா, நீங்க சொன்னீங்கன்னுதான் தைரியமாக் கொடுத்தோம்" என்றார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

அந்தக் கடைக்காரர் மீது குற்றமில்லை. ஹலால் என்று அவர் சொன்னது உண்மை. கோதுமை இல்லை என்று அவர் சொல்லவே இல்லை. ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலை இன்னொரு கேள்விக்கும் பதிலாக எடுத்துக்கொண்டது நாம்தான். அதன் பிறகு அந்த உம்மாவோடு உட்கார்ந்து, பாட்டில் லேபிள்களைப் படித்து, மருத்துவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம். நம் பிள்ளைகள் ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று பல நாடுகளில் இருக்கிறார்கள். சென்னையிலும் சுஷி கடைகள் வந்துவிட்டன. ஆகவே இது ஒரு வீட்டுக்கு மட்டுமான செய்தி அல்ல.

குளூட்டன் என்பது என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதத்துக்குக் குளூட்டன் என்று பெயர். பரோட்டா மாவு இழுத்தால் அறுந்துபோகாமல் நீள்வதற்கு இதுதான் காரணம். சீலியாக் நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால், உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி அவர்களுடைய சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உள்ளே இழுக்கும் குடல் உறிஞ்சிகள் தேய்ந்துபோகின்றன. அதனால் இரத்தசோகை, எடை குறைதல், வளர்ச்சி நின்றுபோதல், எலும்பு பலவீனம் ஆகியவை வரலாம். இதற்கு மருந்து, வாழ்நாள் முழுவதும் குளூட்டனை அறவே தவிர்ப்பதுதான்.

"கொஞ்சம்தானே, ஒரு வாய்தானே" என்று நம் வீடுகளில் பாசத்தோடு சொல்வோம். இந்த நோயில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. குளூட்டன் இல்லாத உணவு என்று போட சர்வதேச உணவுத் தர விதியான கோடெக்ஸ் அனுமதிக்கும் உச்ச அளவு, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராம். நம் நாட்டிலும் அதே அளவுதான். ரொட்டித் துகள் விழுந்த பலகையே இந்த அளவைத் தாண்டவைத்துவிடும். வயிறு வலிக்கவில்லை என்பதால் உள்ளே பாதிப்பு இல்லை என்றும் சொல்ல முடியாது.

கோதுமை ஒவ்வாமை என்பது வேறு நோய். அதில் சில நிமிடங்களிலேயே உடல் தடித்து, மூச்சுத் திணறல் வரை போகலாம். அப்படி நடந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றையும் மருத்துவர் அழுத்திச் சொன்னார். சந்தேகம் இருக்கிறது என்பதற்காக நாமே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. முதலில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கோதுமையை நிறுத்திய பிறகு சோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடக்கூடும்.

சுஷியில் கோதுமை எங்கிருந்து வருகிறது?

அரிசியில் குளூட்டன் இல்லை. மீனிலும் இல்லை. நோரி என்னும் கடற்பாசித் தாளிலும் இல்லை. பிறகு அந்தப் பிள்ளைக்கு எதனால் வந்தது? அவள் தட்டில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தோம்.

முதலாவது சோயா சாஸ். பெயரில் சோயா மட்டும்தான் இருக்கிறது. ஜப்பானில் அதிகம் புழங்கும் கொய்குச்சி என்னும் வகை, சோயாவையும் கோதுமையையும் ஏறக்குறைய சரிபாதியாகச் சேர்த்துப் புளிக்கவைத்துச் செய்வது. ஷிரோ என்னும் வெளிர் நிற வகையில் கோதுமைதான் அதிகம். "புளித்ததில் குளூட்டன் கரைந்துபோய்விடும்" என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பிச் சாப்பிட வேண்டாம். புளிக்கும்போது புரதம் சிறு துண்டுகளாக உடைகிறது. வழக்கமான சோதனை அந்தத் துண்டுகளைச் சரியாகக் கணக்கிடுவதில்லை.

இரண்டாவது, நண்டு என்று நினைத்துச் சாப்பிட்ட சிவப்பு, வெள்ளைத் துண்டு. அது நண்டே இல்லை. மீனை அரைத்து, மாவுப் பொருள் சேர்த்துச் செய்யும் சுரிமி. அந்த மாவு பெரும்பாலும் கோதுமை மாவுச்சத்து. கலிஃபோர்னியா ரோல் என்று விற்பதில் அநேகமாக இதுதான் இருக்கும்.

மூன்றாவது, வசாபி. கடைகளில் பச்சை விழுதாகக் கிடைப்பது பெரும்பாலும் உண்மையான வசாபி வேர் அல்ல. குதிரைமுள்ளங்கியும் கடுகும் நிறமும் கலந்தது. சிலவற்றில் கோதுமை மாவுச்சத்தும் உண்டு. நம் வீட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருப்பதைப் போலத்தான் இது. கூட்டுப் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்; சீலியாக் உள்ள வீடுகளில் முதலில் மாற்ற வேண்டிய பொருள்களில் அதுவும் ஒன்று.

இவை போக, வெளியே தெரியாமல் சோயா சாஸ் ஊறிய பொருள்கள் நிறைய உண்டு. இனாரி என்னும் டோஃபு பை சோயா சாஸில் வேகவைத்தது. தமாகோ என்னும் முட்டை ஆம்லெட்டிலும் அது சேரும். விலாங்கு மீனின் மேல் பூசும் இனிப்புச் சாறு, மீன் முட்டை, ரோலுக்குள் வைக்கும் காளான், சுரைக்காய் வற்றல் எல்லாம் அப்படியே. சூனா மீனைச் சில கடைகளில் சோயா சாஸில் ஊறவைத்துத் தருவார்கள். மொறுமொறுவென்ற தெம்புரா முழுக்கக் கோதுமை மாவில் தோய்த்துப் பொரித்தது. மிசோ சூப்பில் சில வகை பார்லியில் செய்தவை.

சுஷி சோற்றில் சேர்க்கும் வினிகரையும் கேட்க வேண்டும். அரிசி வினிகர் என்றால் சரி. பல தானியங்கள் கலந்த மலிவு வினிகரில் கோதுமை இருக்கக்கூடும். ஜப்பானிய உணவகங்களில் தண்ணீருக்குப் பதிலாக வைக்கும் முகிச்சா என்னும் பழுப்பு நிறத் தேநீர், பார்லியை வறுத்துப் போட்டது. பச்சைத் தேயிலையில் செய்த தேநீரோ தண்ணீரோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒட்டும் அரிசியை ஆங்கிலத்தில் குளூட்டினஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். அது ஒட்டும் தன்மையைக் குறிக்கும் சொல் மட்டுமே. அந்த அரிசியில் குளூட்டன் கிடையாது.

இரண்டு கேள்விகள், இரண்டு பட்டியல்கள்

நாம் தவறிய இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம். மிரின் என்பது ஜப்பானியச் சமையலில் சேர்க்கும் இனிப்பு மது. அசல் மிரினில் சுமார் 14 சதவீதம் ஆல்கஹால் உண்டு. அது அரிசியில் செய்வது, கோதுமை இல்லை. குளூட்டன் பட்டியலில் அது பிழைத்துவிடும். நமக்கு ஆகாது. ஹலால் சோயா சாஸ் என்று விற்பதில் மது சேர்க்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். நமக்கு ஆகும். கோதுமை அதில் அப்படியே இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு ஆகாது.

கோதுமை இல்லாத தமாரி என்னும் சாஸ் உண்டு. இது பெரும்பாலும் சோயாவிலேயே செய்வது. சில தமாரியில் சிறிதளவு கோதுமையும் சேர்ப்பார்கள் என்பதால், குளூட்டன் இல்லை என்று எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும். அதிலும் சில பாட்டில்களில் கெடாமல் இருக்க ஆல்கஹால் சேர்க்கிறார்கள். ஆகவே நம் வீட்டுச் சீலியாக் பிள்ளைக்கு வாங்கும் பாட்டிலில் இரண்டையும் பார்க்க வேண்டும். மார்க்கச் சட்டத்தில் ஐயம் இருந்தால் ஆலிம்களிடமும், உடல்நலத்தில் ஐயம் இருந்தால் மருத்துவரிடமும் கேளுங்கள். ஒருவரிடம் கேட்டது மற்றவரிடம் கேட்டதாக ஆகாது.

கையும் கத்தியும் பாயும்

பொருள்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் சமையலறையில் கலந்துவிடலாம். சுஷி கையால் பிடிக்கும் உணவு. பிடிப்பவர் கையை நனைத்துக்கொள்ளப் பக்கத்தில் வினிகர் கலந்த தண்ணீர்க் கிண்ணம் இருக்கும். தெம்புரா ரோல் பிடித்த கை அதே கிண்ணத்தில் நனைந்துதான் அடுத்த உருண்டைக்கு வரும். ரோல் சுருட்டும் மூங்கில் பாய், வெட்டும் கத்தி, பலகை எல்லாம் எல்லா ரோலுக்கும் பொது. நல்ல கடைகளில் மீனின் மேல் நிகிரி என்னும் சோயா சாஸ் கலவையைத் தூரிகையால் பூசித் தருவது வழக்கம்; கேட்காமலே பூசிவிடுவார்கள்.

தட்டுகள் சுற்றிவரும் கடைகள் 1958-ஆம் ஆண்டு ஒசாகா பக்கம் தொடங்கியவை. பிள்ளைகளுக்கு அங்கே போவது ஒரு குஷி. ஆனால் சுற்றிவரும் தட்டை எடுக்காமல், தனியாகச் செய்து தரச் சொல்லிக் கேட்பதே நல்லது. இப்படிப்பட்ட பெரிய கடைகள் பலவற்றில் எந்த உணவில் என்ன ஒவ்வாமைப் பொருள் உள்ளது என்ற பட்டியல் கிடைக்கும். அதை வாங்கிப் பாருங்கள். சேர்த்த பொருள்களை அது சொல்லும்; ஒரே பலகையில் வெட்டியதால் ஒட்டிக்கொண்டதைச் சொல்லாது.

கடையில் கேட்க வேண்டியவை

"குளூட்டன் இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் பல ஊழியர்களுக்கு அந்தச் சொல்லே புரிவதில்லை. "இல்லை" என்று மரியாதைக்குச் சொல்லிவிடுவார்கள். பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

1. சோற்றில் சேர்த்த வினிகர் எது? பாட்டிலைக் காட்ட முடியுமா?
2. மீனை எதிலாவது ஊறவைத்தீர்களா? மேலே ஏதாவது பூசுவீர்களா?
3. வசாபி விழுதில் கோதுமை உண்டா? தெரியாவிட்டால் வசாபி வைக்க வேண்டாம்.
4. கையைக் கழுவி, புதுக் கையுறை போட்டு, கழுவிய கத்தியிலும் பலகையிலும் செய்து தர முடியுமா?
5. மிரின், சாக்கே போன்ற மது எதிலாவது சேர்கிறதா?

கூட்டம் இல்லாத நேரத்தில், கடை திறந்தவுடன் போவது நல்லது. அப்போதுதான் பலகை சுத்தமாக இருக்கும். செய்பவருக்கும் நம் பேச்சைக் கேட்க நேரம் இருக்கும். முந்தின நாளே தொலைபேசியில் சொல்லிவைத்தால் இன்னும் நல்லது. தமாரியைச் சிறு பாட்டிலில் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

சோறு இல்லாமல் மீனை மட்டும் வெட்டித் தரும் சஷிமி, வெள்ளரிக்காய் மட்டும் வைத்த ரோல், சூனா மட்டும் வைத்த ரோல், அவகாடோ ரோல் என்று உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும் எளிய வகைகளைக் கேளுங்கள். மயோனைஸ், காரச் சாஸ், மேலே தூவிய பொரி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பதில் தடுமாற்றமாக இருந்தால், சலாம் சொல்லி எழுந்து வந்துவிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஜப்பானில் இருக்கும் பிள்ளைகளுக்கு

அங்கே பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவில் கோதுமை இருந்தால் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் உண்டு. கோதுமைக்கு அவர்கள் மொழியில் கொமுகி என்று பெயர். அந்த எழுத்து எப்படி இருக்கும் என்பதை அடையாளம் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். பார்லி அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். உணவகங்களுக்கு இந்தக் கட்டாயமும் இல்லை. அதனால் "எனக்குச் சீலியாக் நோய். கோதுமையும் பார்லியும் ஆகாது. கோதுமை சேர்ந்த சோயா சாஸும் ஆகாது. பலகை, கத்தியில் ஒட்டியது பட்டாலும் உடல் கெடும்" என்று ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரிடம் எழுதி வாங்கி, அட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். ஊழியரிடம் கொடுத்து, சமைப்பவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் விற்கும் பாக்கெட் உணவிலும் குளூட்டன் உள்ள தானியங்கள் இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும் என்பது விதி. எழுத்து சிறியதாக இருக்கும். கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

பச்சை மீன் பற்றி ஒரு வார்த்தை

குளூட்டன் பிரச்சினை இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். கடல் மீனில் அனிசாகிஸ் போன்ற புழுக்கள் இருக்கலாம். அவற்றைக் கொல்ல மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவுத் துறையின் வழிமுறை. வீட்டு ஃப்ரிட்ஜை நம்பி, சந்தையில் வாங்கிய மீனைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பச்சை மீனைத் தவிர்த்துவிடுங்கள். வேகவைத்த இறாலும் காய்கறியும் வைத்த சுஷியும் சுஷிதான்.

வீட்டில் செய்துகொள்ள

கடையில் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவதைவிட வீட்டில் நிம்மதியாகச் செய்யலாம். ஒட்டும் தன்மையுள்ள குட்டை ரக ஜப்பானிய அரிசி இரண்டு கப் எடுத்து, நன்றாகக் கழுவி வேகவையுங்கள். நான்கு மேசைக்கரண்டி அரிசி வினிகரில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும் ஒரு தேக்கரண்டி உப்பும் கரைத்து, சூடான சோற்றில் ஊற்றிக் குழையாமல் பிரட்டி ஆறவிடுங்கள். சாதா நோரித் தாளில் சோற்றைப் பரப்பி, வெள்ளரிக்காய், வேகவைத்த இறால், உப்பு மட்டும் போட்ட ஆம்லெட் ஆகியவற்றை நீளமாக வைத்துச் சுருட்டி, ஈரக் கத்தியால் வெட்டினால் ஆயிற்று. சுவையூட்டிய நோரித் தாளில் சோயா சாஸ் இருக்கலாம். அதை வாங்க வேண்டாம். செய்த அன்றே சாப்பிட்டுவிடுங்கள்.

முக்கியமான ஒன்று. சப்பாத்திப் பலகையில் வைத்து இதைச் சுருட்டவோ வெட்டவோ கூடாது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் மரத்தின் கீறல்களில் மாவு தங்கும். பலகை, மூங்கில் பாய், மரக் கரண்டி எல்லாம் அந்தப் பிள்ளைக்கென்று தனியாக வாங்கி, தனியாக வையுங்கள். மைதா சலித்த சல்லடையில் அரிசியை வடிக்காதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் அதையே செய்தால் பிள்ளை தனித் தட்டோடு ஓரமாக உட்கார வேண்டியிருக்காது.

நிறைவாக

தவறிச் சாப்பிட்டுவிட்டால் உடனே அதை முறிக்கும் மாத்திரை எதுவும் இல்லை. தண்ணீர் நிறையக் கொடுத்து ஓய்வெடுக்கவிடுங்கள். வாந்தி, பேதி நிற்காவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். பிள்ளையைத் திட்டாதீர்கள். விசாரித்துக் கொடுப்பது பெரியவர்களின் பொறுப்பு; அவள் நம்மை நம்பித்தான் வாயில் வைத்தாள்.

சென்ற மாதம் அந்தப் பிள்ளையின் காக்கா விடுப்பில் ஊருக்கு வந்தார். வரும்போது நோரித் தாளும், கோதுமையும் ஆல்கஹாலும் இல்லாத தமாரி பாட்டில் ஒன்றும் தேடி வாங்கி வந்திருக்கிறார். உம்மா புதுப் பலகை வாங்கினார். பிள்ளை தன் கையாலேயே சுருட்டி, ஒரு தட்டு நிறைய நம் அலுவலகத்திற்கும் கொண்டுவந்தாள். "சாப்பிடுங்க மாமா, இது எனக்கும் ஆகும். உள்ளே என்னென்ன இருக்குன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டு, ஒவ்வொரு பொருளாகச் சொன்னாள். நாம் முன்பே அவள் வாப்பாவிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை.

விருந்துக்கு அழைக்கும்போது இனி நாமும் கேட்போம்: "உங்க வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகாதா?" பதிலைக் கேட்டுக்கொண்டு, பாட்டிலின் பின்பக்கத்தையும் படிப்போம். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும், நமக்கு விசாரித்து நடக்கும் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.